ஐந்து மணி வரை மௌனம்

மெல்பேர்னின் புறநகரான மல்கிரேவில், பெருந்தெருவை ஒட்டிய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், பல் வைத்தியரின் அறைக்கும் வீட்டுக்கடன் தரகரின் அறைக்கும் நடுவே ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. ஜெனீவாவில் நடக்கும் உலக வர்த்தகப் பேச்சுகளின் காகிதங்களை, உலகத்தின் மிக வறிய நாடுகள் சிலவற்றுக்காக வாசித்துக் கொடுப்பது அதன் வேலை. பணக்கார நாடு ஒன்று அந்தப் பேச்சுகளுக்கு ஒரு மண்டபம் நிறைய வக்கீல்களை அனுப்பும். இந்த நாடுகளுக்கோ, பதினொரு குழுக்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு அதிகாரி. சில நாடுகளுக்கு அங்கே உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

அந்த அலுவலகத்தில் பட்டம் எதுவும் இல்லாத ஒரே மனிதர் நித்தியானந்தன். வயது ஐம்பத்தேழு. ஆவண உதவியாளர் என்று அவருக்குப் பெயர். பழைய வரைவை இடப்பக்கமும் புதிய வரைவை வலப்பக்கமும் வைத்து, அடிமட்டம் என்று அவர் சொல்லும் ஒரு மர அளவுகோலை வரிக்கு வரி இறக்கிக்கொண்டே வாசிப்பார். எது மாறியது, எது காணாமல் போனது என்று பென்சிலால் குறிப்பார்.

"இதைக் கணினி செய்யாதா?" என்று வருபவர்கள் கேட்பார்கள். மதுரையிலிருந்து பக்கத்து ஊரான கிளேட்டனுக்குச் சட்டம் படிக்க வந்து, இந்த அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்ட ஹம்சா பதில் சொல்லுவாள்.

"எல்லாப் பாராவையும் இடம் மாத்திப் போட்டு அனுப்புவாங்க. கம்ப்யூட்டர் பக்கம் பூரா சிவப்பாக் காட்டும். அந்தச் சிவப்புல எது ரத்தம்னு எங்க அங்கிளுக்கு மட்டும்தான் தெரியும்."

நித்தியானந்தன் சிரிப்பார். அதிகம் பேசமாட்டார். கூட்டங்களில் கடைசி நாற்காலியில் இருந்துவிட்டு எழுந்து போவார். பேசினால் பிழையாகிவிடும் என்ற பயம், தடுப்பு முகாமில் இருந்த இரண்டு ஆண்டுகளில் அவருடைய எலும்புக்குள் இறங்கியிருந்தது.

ஊரைவிட்டுத் தப்பிப் படகில் வந்து அந்த முகாமில் அடைபட்டபோது அவருக்குக் கிடைத்த ஒரே உறவு, பக்கத்துக் கட்டிலில் கிடந்த சிவபாலன். சிவபாலன் ஊரில் காணிப் பதிவுக் கந்தோரில் உறுதிப் பத்திரங்களை ஒப்புநோக்கியவர். நித்தியானந்தனின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, திருப்பி அனுப்பும் நாள் நெருங்கிய வேளையில், விசாரணைப் பதிவின் நாற்பது பக்கத்தையும் அவர்தான் ஒலிநாடாவோடு ஒப்பிட்டு வாசித்தார்.

"மச்சான், கண்ணால வாசிக்காதை. கண் தனக்கு விருப்பமானதைத்தான் வாசிக்கும். அடிமட்டத்தை வைச்சு வாசி," என்றார்.

இருபத்தேழாம் பக்கத்தில், நித்தியானந்தன் சொன்ன ஒரு வாக்கியம் எழுதப்படாமல் விடுபட்டிருந்தது. தம்பியைக் கொண்டுபோனவர்கள் தன்னுடைய பெயரையும் கேட்டார்கள் என்ற வாக்கியம். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காப்பாற்றியது. முகாமை விட்டு வெளியேறிய நாளில் சிவபாலன் அந்த அடிமட்டத்தை அவருடைய பைக்குள் செருகிவிட்டார். மல்கிரேவ் மேசையில் கிடந்தது அதே அடிமட்டம்தான்.

*

அந்த வருடம் வறிய நாடுகள் ஒன்றுகூடித் தங்கள் கோரிக்கைகளைப் பட்டியலிட்டன. பத்தொன்பது கோரிக்கைகள். பருத்திக்கு நியாயம், மருந்துக்கு விலக்கு, தங்கள் பொருள்களுக்குச் சுங்கத் தீர்வையில்லாத சந்தை. பத்தொன்பதையும் பேச நேரமில்லை, மூன்றாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று ஜெனீவாவிலிருந்து பதில் வந்தது. பசித்தவனிடம் உன் பிள்ளைகளில் மூன்று பேருக்கு மட்டும் சோறு என்பதுபோல.

மூன்றாவது இடத்துக்காக அழுதது ஒரு சின்னத் தீவு நாடு. அந்த நாட்டின் வர்த்தக அமைச்சில் பேச்சுகளைக் கவனிக்கும் ஒரே அதிகாரி தெரேசா. நித்தியானந்தன் அவரை நேரில் கண்டதில்லை. தொலைபேசியில் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மின்விசிறி கடகடக்கும்.

"எங்களிடம் இருப்பது மீன் ஒன்றுதான்," என்றார் தெரேசா. "மீன் எங்கள் கடலில் பிடிபடுகிறது. எங்கள் பெண்கள் வெட்டித் தகரத்தில் அடைக்கிறார்கள். ஆனால் பிடித்த படகு வேறு நாட்டுப் படகு என்பதால், அது எங்கள் மீன் இல்லையாம். படகு வாங்க எங்களிடம் பணம் எங்கே?"

அந்தத் தகரமீன் தொழிற்சாலையில் அறுநூறு பெண்கள் பகலும் இரவுமாக இரண்டு நேரமுறையில் வேலை செய்தார்கள். அடுத்த வருடத்தோடு தீர்வையில்லாமல் விற்க அவர்களுக்கு இருந்த பழைய சலுகை முடிகிறது. 'எந்தப் படகு பிடித்தாலும், வறிய நாட்டின் கரையில் வெட்டி அடைத்த மீன் அந்த நாட்டின் மீனே' என்ற ஒரு வாக்கியம் புதிய உடன்படிக்கையில் இருந்தால் தீர்வை இல்லாமல் விற்கலாம். இல்லாவிட்டால் வாங்குகிறவன் வேறு நாட்டுக்குப் போய்விடுவான். எவ்வளவோ இழுபறிக்குப் பிறகு அந்த வாக்கியம் மூன்றாவது கோரிக்கையாக வரைவில் ஏறியது.

ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் இறுதி வரைவு வந்தது. நித்தியானந்தன் அடிமட்டத்தை இறக்கிக்கொண்டே போனார். அறுபத்தோராம் பக்கத்தில் அவருடைய கை நின்றது. முன்னும் பின்னும் எல்லாம் இருந்தன. மீன் வாக்கியம் மட்டும் இல்லை.

"பிள்ளை, இஞ்ச வாரும்," என்று ஹம்சாவை அழைத்தார். "எடுத்துப் போட்டாங்கள்."

அதோடு இன்னொரு குறிப்பும் வந்திருந்தது. அந்தப் பேச்சுகளில் அதற்கு மௌன அவகாசம் என்று பெயர். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள், அதாவது மெல்பேர்னில் மாலை ஐந்து மணிக்குள், எந்த நாடும் ஆட்சேபம் எழுதாவிட்டால் எல்லோரும் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். யாராவது ஒருவர் ஒரு வரி எழுதினால் போதும், வரைவு மறுபடி பேச்சுக்குப் போகும். மற்ற நாடுகள் தாங்கள் பெற்றதையும் இழந்துவிடுவோமோ என்று பயந்து வாய் திறக்கவில்லை. தெரேசாவின் நாடு ஒன்றுதான் எழுத வேண்டும்.

ஹம்சா கடிதத்தை அன்றைக்கே தயாரித்தாள். ஆனால் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். அமைச்சரோ வெளித்தீவுகளில் படகில் சுற்றிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைதான் கரை திரும்புவார்.

"அவர் கையொப்பம் வைத்த நிமிடமே உங்களை அழைப்பேன்," என்றார் தெரேசா. "இங்கே இணையத்தை நம்ப முடியாது. நீங்கள் அங்கிருந்து அனுப்பிவிடுங்கள்."

வறிய நாடுகளின் சார்பில் ஆட்சேபம் போகும் முகவரி, அலுவலகப் பணிப்பாளரின் பேரிலும் நித்தியானந்தனின் பேரிலும்தான் பதிவாகியிருந்தது. பணிப்பாளர் வெள்ளிக்கிழமை ஜெனீவா போகும் விமானத்தில் இருப்பார். அனுப்புவதற்கு ஓர் இரகசிய எண் வேண்டும். அந்த எண் நித்தியானந்தனின் கைபேசிக்கு மட்டுமே வரும்; அவருடைய விரல் பட்டால்தான் அது திறக்கும்.

அறுநூறு பெண்களின் அடுப்பு ஒரு மனிதரின் கைபேசியில் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை மாலை, வீட்டு முற்றத்தில் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்த சிவபாலன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அம்புலன்ஸ் வரும்போது மூச்சு இல்லை. இறுதிக் கிரியை வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு என்று குறித்தார்கள்.

"போகாமல் இருக்க ஏலாது, பிள்ளை," என்றார் நித்தியானந்தன். "அவன்தான் எனக்கு இரண்டாம் உயிர் தந்தவன். நாலு மணிக்கு எல்லாம் முடிஞ்சிடும். நாலரைக்கு இஞ்ச நிப்பன்."

"போங்க அங்கிள். ஆனா போன் மட்டும் கையிலயே இருக்கட்டும். கையெழுத்து ஆனதும் தெரேசா எனக்கும் சொல்றேன்னாங்க. எண் வந்ததும் எங்கிட்டச் சொன்னாப் போதும், நான் இங்கிருந்தே அனுப்பிடுவேன்."

"ஓம். போட்டு வாறன்."

*

மண்டபம் நிறைந்திருந்தது. கிரியைகளுக்கு உதவ நித்தியானந்தன் சட்டையைக் கழற்றி வேட்டியும் சால்வையுமாக நின்றார். கைபேசி வைக்க இடமில்லை. மனைவி யோகாவின் கைப்பைக்குள் அதை வைத்தார்.

"சத்தத்தை நிப்பாட்டியிருக்கிறன். அதிர்ந்தால் உடனை என்னட்டைக் கொண்டுவாரும். விளங்கிச்சுதே?"

"விளங்கிச்சுதப்பா."

வாய்க்கரிசி போட்டு முடிய மூன்று மணி. அதற்குப் பிறகு அஞ்சலி உரைகள் தொடங்கின. எங்களுடைய சாவு வீடுகளுக்குப் போய் வந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம், மூத்த பிரஜைகள் சங்கம், கோயில் நிருவாகம். ஒரு சங்கத்தை விட்டுவிட்டால் அடுத்த சாவுவரை கோபம். ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் பழைய மாணவர் சங்கச் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி. ஒவ்வொருவரையும் 'இரண்டு வார்த்தை' என்றுதான் அழைத்தார். ஒருவரும் பதினைந்து நிமிடத்துக்குக் குறையவில்லை.

"மனுசன் உயிரோட இருக்கேக்க ஒருத்தரும் இவ்வளவு நேரம் அவரோட கதைக்கேல்லை," என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

"சும்மா இரும் காணும். உம்முடைய செத்தவீட்டிலை நான் அரை மணித்தியாலம் பேசுவன்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

நாலு மணியானது. நாலே கால். நித்தியானந்தன் இரண்டுமுறை யோகாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அழைப்பு வரவில்லை.

நாலு முப்பத்தெட்டுக்கு ஈஸ்வரமூர்த்தி அவர் பக்கம் திரும்பினார்.

"முகாமிலை ஒரே அறையிலை இருந்தவர். நித்தி அண்ணை, நீங்களும் வந்து இரண்டு வார்த்தை."

நித்தியானந்தன் வாழ்நாளில் ஒருமுறையும் மேடையில் பேசியதில்லை. மறுப்பதற்காகக் கையை உயர்த்தினார். அப்போது, பெட்டியின் தலைமாட்டில் இருந்த சிவபாலனின் மனைவி ராதா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மூன்று நாள் அழுத கண்கள். 'நீங்களும் ஒன்றும் சொல்லமாட்டீர்களா அண்ணை?' என்று கேட்ட கண்கள்.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது. இரண்டு நிமிடம்தானே.

"நான் பேசத் தெரியாதவன்," என்று தொடங்கினார். "எனக்காகப் பேசினவன் இஞ்ச படுத்திருக்கிறான்."

மண்டபம் அடங்கியது. அந்த முகாமின் முட்கம்பியைச் சொன்னார். விடுபட்ட வாக்கியத்தைச் சொன்னார். தம்பியைப் பற்றி, இந்த நாட்டுக்கு வந்தபிறகு முதல்முறையாக, சத்தமாகச் சொன்னார். பதினான்கு வருடம் நெஞ்சுக்குள் கட்டிவைத்த அணை அது. உடைந்த பிறகு அதற்கு மணிக்கூடு தெரியுமா? பெண்கள் விம்மினார்கள். ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்வரிசையில் யோகா எழுந்து நின்றாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள், கன்னத்தில் கண்ணீர். என்னுடைய வேதனை இன்றைக்குத்தான் இவளுக்குப் புரிந்தது என்று நினைத்தார். இன்னும் பேசினார். யோகா உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். இன்னும் பேசினார்.

அவர் ஒலிவாங்கியை விட்டு இறங்கும்போது மணி ஐந்து மூன்று.

யோகா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னப்பா, ஃபோன் அடிச்சுக் கொண்டே இருந்தது. நான் எழும்பி நிண்டனான். நீங்களும் பார்த்தனீங்கள்."

"நீர் அழுதனீரெல்லோ..."

"அது சிவபாலன் அண்ணைக்கு இல்லை. அத்தனை சனத்துக்கு முன்னாலை உங்களைப் பிடிச்சு நிப்பாட்ட எனக்குக் கால் வரேல்லை. அதுக்குத்தான் அழுதனான்."

கைபேசியில் பதினொரு அழைப்புகள். ஹம்சா ஏழு. தெரேசா நான்கு. தெரேசாவின் முதல் அழைப்பு நாலு நாற்பதுக்கு வந்திருந்தது.

ஐந்து ஒன்பதுக்கு எண்ணைச் சொன்னார். ஹம்சா அனுப்பினாள். கால் மணியில் இரண்டு வரிப் பதில் வந்தது. ஜெனீவா நேரம் ஒன்பது மணிவரை ஆட்சேபம் எதுவும் கிடைக்காததால் வரைவு ஏற்றுக்கொள்ளப்பட்டது. உங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்படும்.

அன்று மாலை தெரேசாவை அழைத்தார். மின்விசிறி கடகடத்தது.

"அமைச்சரின் படகு பிந்திவிட்டது," என்றார் தெரேசா. "நான்தான் உங்களைப் பிந்தி அழைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்."

இல்லை, இருபது நிமிடம் இருந்தது, நான்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல நித்தியானந்தன் வாயைத் திறந்தார். பேசினால் பிழையாகிவிடும் என்ற பழைய பயம் முந்திக்கொண்டது. மண்டபம் நிறைய அழவைத்த மனிதரிடம் அந்த ஒரு வாக்கியம் இல்லை.

"நேரம் போதவில்லை," என்று மட்டும் சொன்னார்.

*

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் சிவபாலனின் கல்வெட்டைக் கொடுத்தார்கள். இறந்தவரின் படமும் வாழ்க்கையும் தேவாரங்களும் அச்சிட்ட நினைவுப் புத்தகம். அதில் நாலு பக்கத்துக்கு நித்தியானந்தனின் பேச்சு. யாரோ கைபேசியில் பதிவு செய்திருந்ததை ஈஸ்வரமூர்த்தி உட்கார்ந்து எழுதியிருந்தார்.

"அண்ணை, அண்டைக்கு உங்கட பேச்சுத்தான் பேச்சு! என்ர சாவுக்கும் நீங்கள்தான், இப்பவே சொல்லிப்போட்டன்," என்று தோளில் தட்டினார்.

முந்திய நாள்தான் ஹம்சா செய்தி சொல்லியிருந்தாள். மீன் வாங்குகிற கம்பனி அடுத்த வருடக் கொள்வனவை நிறுத்திவிட்டது. தொழிற்சாலை இரவு நேரமுறையை மூடுகிறது. முந்நூறு பெண்கள் வீட்டுக்கு. ஆட்சேபம் பிந்தியதற்குத் தெரேசாதான் காரணம் என்று அமைச்சு விசாரித்து முடித்து, அவரை வெளித்தீவு ஒன்றின் தபால் கந்தோருக்கு மாற்றியிருந்தது.

நித்தியானந்தன் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்தார். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய், அந்த அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். தெரேசா அழைத்த நேரம் நாலு நாற்பது. பிழை என்னுடையது. கைபேசியின் அழைப்புப் பட்டியலையும் படம் எடுத்து இணைத்தார்.

"அங்கிள், வேணாம்," என்று ஹம்சா அழுதாள். "இது போச்சுன்னா உங்க வேலை போயிடும்."

"ஓம் பிள்ளை. போகட்டும்."

வேலை போனது. அது மட்டும் போயிருந்தால் அவர் தாங்கியிருப்பார். கடிதத்தை வாசித்த அமைச்சு, இப்படிப்பட்ட அலுவலகம் தேவையில்லை என்று தன் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு நாடுகள் விலகின. தெரேசாவைத் திரும்ப அழைத்தார்களா? இல்லை. அந்த விடயம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு காலை, தெரேசா அவருடைய கைபேசிக்கு அழைத்தார். மின்விசிறிச் சத்தம் இல்லை. காற்றுச் சத்தம் மட்டும்.

"உங்கள் கடிதத்தைப் பற்றி இப்போதுதான் கேள்விப்பட்டேன்," என்றார். "ஏன் எழுதினீர்கள்? நான் எத்தனை மணிக்கு அழைத்தேன் என்று எனக்குத் தெரியாதா? என் தொலைபேசியிலும் நேரம் இருக்கிறதே."

நித்தியானந்தன் கைபேசியைக் காதோடு அழுத்தினார்.

"தெரிந்துமா பழியை ஏற்றீர்கள்?"

"உங்கள் பெயரைச் சொன்னால் அமைச்சர் உங்கள் அலுவலகத்தைக் கைவிட்டுவிடுவார். மூன்று வருடத்தில் அடுத்த பேச்சு வருகிறது. காணாமல் போகிற வரியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? என் வேலை போனாலும் நீங்கள் இருக்கவேண்டும் என்று நினைத்தேன்."

சமையலறை வாசலில் நின்ற யோகா, யாரென்று சைகையால் கேட்டுக்கொண்டே கிட்ட வந்தாள். அவர் கையால் தடுத்தார்.

"இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று தெரேசா கேட்டார்.

"ஒரு களஞ்சியத்தில் பார்சல் பிரிக்கிறேன்."

பிறகு தெரேசா கேட்டார், கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல.

"அன்றைக்கு அப்படி என்ன பேசினீர்கள்?"

நித்தியானந்தன் எழுந்து அலுமாரியைத் திறந்தார். கல்வெட்டை எடுத்துத் தன் பேச்சு இருந்த பக்கத்தை விரித்தார். சிவபாலனின் அடிமட்டத்தை முதல் வரியின் கீழே வைத்தார். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். நான் பேசத் தெரியாதவன். எனக்காகப் பேசினவன் இங்கே படுத்திருக்கிறான்.

மூன்றாம் வரிக்கு அடிமட்டத்தை இறக்கும்போது தொடர்பு அறுந்தது.

உடனே திரும்ப அழைத்தார். மறுபக்கம் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.